நிறுவன வலையமைப்புக்குள் டேப்லெட்: பதிவு முதல் விடுவிப்பு வரை முழுமையான வழிகாட்டி

நிறுவனத்தின் வலையமைப்பில் டேப்லெட்டைச் சேர்ப்பது வைஃபை கடவுச்சொல்லைத் தட்டியதோடு முடிந்துவிடும் வேலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். கம்பியில் கட்டுண்டு ஒரே மேசையில் இருக்கும் கணினியைப் பொறுத்தவரை அந்த எண்ணம் ஓரளவு பொருந்தலாம். டேப்லெட்டோ காலையில் கிடங்கிலும், மதியம் வாடிக்கையாளரின் அலுவலகத்திலும், இரவில் ஊழியரின் வீட்டிலும் இருக்கும். இடையில் யாருடையதென்று தெரியாத பொது வைஃபைகள் சிலவற்றையும் தொட்டுவிட்டுத் திரும்பும். ஆகவே, அது நம் கட்டடத்துக்குள் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை நம்ப முடியாது. அதை யார் நிர்வகிக்கிறார்கள், அதனிடம் எந்தச் சான்றிதழ் (அடையாளத்தை நிரூபிக்கும் டிஜிட்டல் கோப்பு) இருக்கிறது, அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்தே அனுமதி அளிக்க வேண்டும். இந்த வழிகாட்டி முதலில் வேலை, பிறகு பதிவு, அதன்பின் வலையமைப்பு, கடைசியில் செயலிகள் என்ற வரிசையில் செல்வதற்கு அதுவே காரணம். வரிசையை மாற்றிச் செய்தவர்கள் பெரும்பாலும் எல்லாக் கருவிகளையும் அழித்துவிட்டு மறுபடியும் தொடங்க நேரிடுகிறது.

இங்கே பேசப்படுவது ஐபேட், ஆண்ட்ராய்டு ஆகிய இரு வகைகளைப் பற்றியே. விண்டோஸ் இயங்கும் டேப்லெட்டுகள் டொமைனில் (நிறுவனம் தன் கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில்) சேரும், அதன் குழுக் கொள்கைகளை ஏற்கும். நிர்வாகியின் பார்வையில் அவை மடிக்கணினிகளே.

முதல் படி: வேலையை வரையறுத்தல்

டேப்லெட்டை வாங்குவதற்கு முன்பே, அதில் எந்த வேலை நடக்கப்போகிறது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு ஒரு கருவி என்ற முறை, ஷிஃப்ட் மாறும்போது கை மாறும் பொதுக் கருவி, வரவேற்பறையிலோ இயந்திரத்தின் பக்கத்திலோ ஒரே செயலியை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும் கருவி என நடைமுறையில் மூன்று பயன்பாடுகள் உண்டு. இம்மூன்றுக்கும் பதிவு முறை வேறு, கடவு எண் கொள்கை வேறு, வைஃபை சான்றிதழின் வகைகூட வேறு.

டேப்லெட்டால் ஆகாதவற்றையும் இந்தக் கட்டத்திலேயே ஒப்புக்கொள்வது நல்லது. ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் உள்ள எக்செல் செயலி, விபிஏ மேக்ரோக்களை (விரிதாளுக்குள் எழுதப்பட்ட தானியங்கி நிரல்களை) இயக்காது. கணக்குப் பிரிவின் மாதாந்திர அறிக்கை மேக்ரோவை நம்பி நிற்குமானால், எத்தனை விலையுயர்ந்த டேப்லெட்டைக் கொடுத்தாலும் அந்த வேலை நடக்காது. தொலைநிலை மேசைத்தளம் வழியாக விண்டோஸைத் திறந்து வேலை செய்யலாம் என்று சமாதானம் சொல்லப்படுவதுண்டு. விசைப்பலகையும் சுட்டியும் இணைத்திருந்தால் அவ்வப்போதைய தேவைக்கு அது உதவும். நாள் முழுவதும் அப்படித்தான் வேலை செய்ய வேண்டியிருந்தால் அந்த ஊழியருக்குத் தேவைப்படுவது மடிக்கணினி.

இரண்டாம் படி: உரிமையும் நிர்வாக முறையும்

நிறுவனம் வாங்கிய கருவியா, ஊழியர் தம் சொந்தப் பணத்தில் வாங்கியதா என்ற கேள்விக்கான விடைதான் அடுத்த எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நிறுவனத்துக்குச் சொந்தமான ஐபேடுகளை, ஆப்பிள் பிசினஸ் மேனேஜர் என்ற ஆப்பிளின் நிறுவனத் தளம் வழியாகத் தானியங்கிப் பதிவில் சேர்த்து, நிறுவனத்துக்குக் கூடுதல் கட்டுப்பாடு தரும் 'கண்காணிக்கப்படும்' நிலையில் வைப்பதே சரியான வழி. ஆப்பிளிடமிருந்தோ அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமிருந்தோ வாங்கும்போது, வரிசை எண்களை நிறுவனத்தின் கணக்கில் சேர்த்துத் தருமாறு கேட்டுவிட்டால், பெட்டியைத் திறந்து முதன்முறை இயக்கும்போதே கருவி நிர்வாகச் சர்வரை (கருவிகளுக்கு அமைப்புகளையும் கட்டளைகளையும் அனுப்பும் மென்பொருளை) தேடி வந்து இணைந்துகொள்ளும். வேறு இடத்தில் வாங்கியதை ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் செயலியைக் கொண்டு பின்னர் சேர்க்கலாம். ஆனால் அவ்வாறு சேர்த்த முதல் 30 நாட்களுக்குள் பயன்படுத்துபவரே நிர்வாகத்திலிருந்து விலகிக்கொள்ள முடியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆண்ட்ராய்டில் ஊழியரின் சொந்தக் கருவிகளுக்குப் 'பணிச் சுயவிவரம்' என்ற முறையும், நிறுவனக் கருவிகளுக்கு 'முழு நிர்வாகம்' என்ற முறையும், ஒரே செயலிக் கருவிகளுக்கு 'அர்ப்பணிக்கப்பட்ட கருவி' என்ற முறையும் உள்ளன. பணிச் சுயவிவரம் 2014-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.0 காலத்திலிருந்தே இருக்கிறது. அதில் நிறுவனத்தின் செயலிகளும் தரவும் தனிப் பகுதிக்குள் இருக்கும், எஞ்சிய பகுதி ஊழியருக்குரியது. இதற்கு முந்தைய 'கருவி நிர்வாகி' முறையை இன்னும் பயன்படுத்தும் பழைய மென்பொருட்கள் இருந்தால் அவற்றை விட்டு வெளியேறுவது நல்லது. அம்முறையின் கடவுச்சொல் கட்டுப்பாடுகள் உள்ளிட்ட சிலவற்றை ஆண்ட்ராய்டு 10-லேயே கூகுள் நிறுத்திவிட்டது.

முழு நிர்வாகமும் ஐபேடின் கண்காணிப்பு நிலையும் கருவி புதிதாக, அல்லது முழுவதும் அழிக்கப்பட்ட நிலையில், முதல் அமைப்பின்போது செய்யப்பட வேண்டியவை. ஊழியர் சொந்தக் கணக்கில் நுழைந்து ஒரு வாரம் பயன்படுத்திய பிறகு 'இப்போது நிர்வாகத்தில் சேர்த்துவிடலாம்' என்று முடிவெடுத்தால், எல்லாவற்றையும் அழிப்பதைத் தவிர வேறு வழி இராது. அவசரத்தில் பெட்டிகளைப் பிரித்து விநியோகித்துவிடும் நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகின்றன.

சொந்தக் கருவிகளைப் பொறுத்தவரை, நிறுவனம் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்பதை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி ஊழியரிடம் முன்கூட்டியே தர வேண்டும். புகைப்படங்களையும் தனிப்பட்ட செய்திகளையும் நிர்வாகி படித்துவிடுவார் என்ற அச்சம் பரவலாக உண்டு; பணிச் சுயவிவரத்திலும் ஐபேடின் பயனர் பதிவு முறையிலும் அதற்கு வழியில்லை. அதைச் சொல்லாமல் விட்டால், ஊழியர்கள் பதிவைத் தவிர்க்கவே வழி தேடுவார்கள்.

மூன்றாம் படி: நிர்வாகச் சர்வர்

மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன், ஜாம்ஃப், ஒர்க்ஸ்பேஸ் ஒன் போன்ற எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஐபேடுகளுக்கு ஆப்பிளின் புஷ் அறிவிப்புச் சேவைக்கான (சர்வர் கருவியை அழைக்கப் பயன்படும் வழிக்கான) சான்றிதழ் ஒன்று கட்டாயம். அது ஓராண்டு மட்டுமே செல்லும். புதுப்பிக்கும்போது, முதலில் எந்த ஆப்பிள் கணக்கில் பெறப்பட்டதோ அதே கணக்கில் நுழைந்தே புதுப்பிக்க வேண்டும். வேறு கணக்கில் புதிதாக ஒன்றை உருவாக்கிப் பதிவேற்றினால், ஏற்கெனவே சேர்ந்த ஐபேடுகள் அனைத்தும் சர்வரின் கட்டளையைக் கேட்பதை நிறுத்திவிடும், ஒவ்வொன்றையும் மறுபடி பதிவு செய்ய வேண்டிவரும். எனவே இந்தச் சான்றிதழை ஒரு நபரின் சொந்தக் கணக்கில் ஒருபோதும் பெறக்கூடாது. துறையின் பொதுவான மின்னஞ்சல் முகவரியில் கணக்கைத் தொடங்கி, காலாவதி நாளுக்கு ஒரு மாதம் முன்பே நாட்காட்டி நினைவூட்டலை இருவருக்காவது வைக்க வேண்டும்.

நான்காம் படி: வலையமைப்பைத் தயார்செய்தல்

டேப்லெட்டுகளுக்கென ஒரு தனி வி-லேன் (ஒரே வலையமைப்புக்குள் பிரித்துவைத்த தனிப் பிரிவு) ஒதுக்க வேண்டும். கணக்குச் சர்வர், தரவுத்தளம், கண்காணிப்புக் கேமராக்கள், அச்சுப்பொறிகள் எல்லாம் இருக்கும் அதே பிரிவில் டேப்லெட்டையும் கொண்டுவந்து விட்டால், ஒரு கருவியில் நுழைந்த தீம்பொருளுக்கு மற்ற எல்லாமே கண்ணில் படும். தனிப் பிரிவிலிருந்து எந்தச் சர்வருக்கு, எந்தப் போர்ட்டில் (சேவைக்குரிய எண்ணிட்ட வாயிலில்) செல்லலாம் என்பதை மட்டும் ஃபயர்வாலில் (போக்குவரத்தை வடிகட்டும் தடுப்பில்) திறந்து, மற்றவற்றை மூடிவைக்க வேண்டும்.

வெளியே செல்லும் திசையில் சில வாயில்கள் அவசியம். ஐபேடுகளுக்குப் புஷ் அறிவிப்புகள் வர 5223 என்ற டிசிபி போர்ட்டும், அது கிடைக்காதபோது மாற்றாக 443-உம் தேவை, ஆப்பிளுக்குரிய 17.0.0.0/8 முகவரித் தொகுப்புக்கு இவற்றைத் திறந்துவிட்டால் போதும். ஆண்ட்ராய்டுக்கு 5228 முதல் 5230 வரையிலான போர்ட்டுகளும் 443-உம் வேண்டும். நேர ஒத்திசைவுக்கான 123 என்ற யூடிபி போர்ட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: கருவியின் கடிகாரம் பிசகினால் சான்றிதழ்கள் எல்லாம் 'இன்னும் தொடங்கவில்லை' என்றோ 'காலாவதியானது' என்றோ நிராகரிக்கப்படும், திரையில் தோன்றும் பிழைச் செய்தியோ கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

மறையாக்கப்பட்ட போக்குவரத்தைப் பிரித்துப் படிக்கும் பாதுகாப்புக் கருவி உங்கள் வாயிலில் இருந்தால், ஆப்பிள் மற்றும் கூகுளின் பதிவு, புஷ், செயலிக் கடைச் சேவைகளை அதிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். இச்சேவைகள் தங்களுக்குரிய சான்றிதழைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை; இடையில் நிறுவனத்தின் சான்றிதழைக் காட்டினால் இணைப்பைத் துண்டித்துவிடும். பதிவு பாதியில் நின்றுபோகிறது, செயலி இறங்கவே மறுக்கிறது என்ற புகார்கள் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

ஐபி முகவரிகளின் எண்ணிக்கையையும் கணக்கிட வேண்டும். வழக்கமான /24 பிரிவில் 254 முகவரிகளே உண்டு. 200 ஊழியர்கள் ஆளுக்கொரு மடிக்கணினி, ஒரு கைபேசி, ஒரு டேப்லெட் என்று வந்தால் 600 முகவரிகள் தேவைப்படும். பிரிவைப் பெரிதாக்குவதோடு, டிஎச்சிபி குத்தகைக் காலத்தை (கருவிக்குத் தரப்படும் முகவரி அதனிடம் இருக்கும் காலத்தை) ஒரு வேலைநாள் அளவுக்குக் குறைத்துவிட்டால், வந்துபோகும் கருவிகள் முகவரிகளைப் பிடித்துவைத்திருப்பது தவிரும்.

ஐந்தாம் படி: வைஃபை

எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்ற முறை நிறுவனத்துக்கு ஏற்றதன்று. ஒருவர் வேலையை விட்டுச் சென்றால் எல்லாக் கருவிகளிலும் அதை மாற்ற வேண்டும். நடைமுறையில் யாரும் மாற்றுவதில்லை. வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3-இன் 'என்டர்பிரைஸ்' வகையை, ஒவ்வொருவரையும் தனித்தனியே சரிபார்க்கும் 802.1எக்ஸ் அங்கீகாரத்தோடும், அந்தச் சரிபார்ப்பைச் செய்யும் ரேடியஸ் சர்வரோடும் அமைப்பதே தகுந்தது.

அதற்குள்ளும் இரண்டு வழிகள் உள்ளன. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு நுழையும் பீப் முறை அமைப்பதற்கு எளிது. ஆனால் கருவி சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்காமல் விட்டால், அதே பெயரில் ஒரு போலி அணுகல் புள்ளியை (வைஃபை சிக்னல் தரும் கருவியை) வைத்து ஊழியரின் டொமைன் கடவுச்சொல்லை உடைப்பதற்கான விவரத்தை எவரும் பெற்றுவிடலாம். ஆண்ட்ராய்டு 11-இன் பிந்தைய புதுப்பிப்புகளில் 'சரிபார்க்க வேண்டாம்' என்ற தெரிவே நீக்கப்பட்டதற்குக் காரணம் இதுதான். கருவிக்குக் கருவி தனிச் சான்றிதழ் வழங்கும் ஈஏபி-டிஎல்எஸ் முறையில் திருடுவதற்குக் கடவுச்சொல்லே கிடையாது. டேப்லெட் தொலைந்தால் அந்த ஒரு சான்றிதழை ரத்து செய்தால் போதும். தொடக்க வேலை அதிகம் என்றாலும், பத்து டேப்லெட்டுகளுக்கு மேல் வைத்திருக்கும் எந்த நிறுவனமும் இதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சான்றிதழை நிர்வாகச் சர்வர் வழியாக எஸ்.சி.இ.பி. (சான்றிதழைக் கருவி கேட்டுப் பெறும் முறை) நெறிமுறையில் வழங்கலாம். அப்போது நிறுவனத்தின் மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை நம்ப அடிப்படையானது), கருவியின் சான்றிதழ், வைஃபை சுயவிவரம் (அமைப்புகளின் தொகுப்பு) ஆகிய மூன்றும் ஒன்றாக இறங்க வேண்டும். சுயவிவரத்தில் ரேடியஸ் சர்வரின் பெயரையும் குறிப்பிட வேண்டும். விண்டோஸ் சர்வரோடு வரும் என்.பி.எஸ்.-ஐ ரேடியஸாகப் பயன்படுத்துவோர் ஒன்றை முன்பே அறிந்திருக்க வேண்டும்: அது சான்றிதழை ஆக்டிவ் டைரக்டரியில் (மைக்ரோசாஃப்டின் கணக்குப் பட்டியலில்) உள்ள ஒரு கணக்கோடு பொருத்திப் பார்க்கும். டேப்லெட்டுக்கு அங்கே கணினிக் கணக்கு கிடையாது என்பதால், கருவியின் பெயரில் வழங்கிய சான்றிதழ் தோற்கும், பயனரின் பெயரில் வழங்கியது வேலை செய்யும். பயனர் என்று ஒருவர் இல்லாத பொதுக் கருவிகளுக்கு வேறு ரேடியஸ் மென்பொருளை நாடுவது தலைவலியைக் குறைக்கும்.

சான்றிதழ் இல்லாமல் வைஃபை இல்லை, வைஃபை இல்லாமல் சான்றிதழ் வராது என்ற முடிச்சு இங்கே எழும். பதிவுக்கென்றே ஒரு தனி வைஃபை பெயரை வைத்து, அது இணையத்துக்கும் நிர்வாகச் சர்வருக்கும் மட்டும் செல்லும்படி அமைத்து, சான்றிதழ் வந்தவுடன் கருவி முதன்மை வைஃபைக்குத் தாவும்படி செய்வதே வழக்கமான தீர்வு.

எம்ஏசி முகவரியை (கருவியின் வலையமைப்பு வன்பொருள் எண்ணை) வைத்து அனுமதி வழங்கும் பழைய பழக்கம் இனி உதவாது. 2019-இன் ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இன் ஐபேட்ஓஎஸ் 14-உம் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தற்போக்கு முகவரியை இயல்பாகவே பயன்படுத்தத் தொடங்கின. முகவரி ஒதுக்கீடு போன்ற தேவைகளுக்கு உண்மையான முகவரியே வேண்டுமெனில், நிறுவனச் சுயவிவரத்தில் அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் தற்போக்கை அணைத்துவிடலாம்.

அலைகளின் நிலையையும் நடந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று இடறாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. நெரிசலான அலுவலகத்தில் டேப்லெட்டுகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்துவது நல்லது. ஐபேட், சிக்னல் -70 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) அளவுக்குக் கீழே இறங்கிய பிறகே அடுத்த அணுகல் புள்ளியைத் தேடும். ஆகையால், நடந்துகொண்டே பேசுவதற்கோ கிடங்கில் ஸ்கேன் செய்வதற்கோ, எந்த இடத்திலும் சிக்னல் -67 டிபிஎம்முக்குக் குறையாதபடி அணுகல் புள்ளிகளின் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும்.

ஆறாம் படி: உள் வளங்களை எட்டுதல்

வெளியிலிருந்து உள் சர்வரை எட்ட விபிஎன் (மறையாக்கப்பட்ட சுரங்க இணைப்பு) வேண்டும். கருவி முழுவதையும் சுரங்கத்துக்குள் அனுப்புவதைக் காட்டிலும், செயலிவாரி விபிஎன் அமைப்பது சிறந்தது: நிர்வாகத்தில் உள்ள செயலி திறந்தால் மட்டும் சுரங்கம் திறக்கும், ஊழியர் பார்க்கும் காணொளி நிறுவனத்தின் வழியே சுற்றி வராது. தொலைநிலை மேசைத்தளத்தின் 3389 போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைப்பதை எந்தச் சூழலிலும் ஏற்க முடியாது; விபிஎன் அல்லது 443-இல் இயங்கும் நுழைவாயில் சர்வர் வழியாகவே அனுமதிக்க வேண்டும்.

உள் இணையதளங்கள் மேசைக் கணினியில் திறந்து டேப்லெட்டில் திறக்க மறுப்பது அடிக்கடி நிகழும். ஆப்பிள் 2019-இல் ஐஓஎஸ் 13-உடன் விதித்த நிபந்தனைகளின்படி, சர்வர் சான்றிதழின் மாற்றுப்பெயர்ப் புலத்தில் டொமைன் பெயர் இருக்க வேண்டும், ஆர்எஸ்ஏ மறையாக்கச் சாவி 2048 பிட்டுக்குக் குறையக்கூடாது, அவ்வாண்டு ஜூலை 1-க்குப் பின் வழங்கப்பட்டது என்றால் செல்லுபடிக் காலம் 825 நாட்களைத் தாண்டக்கூடாது. பத்தாண்டுகளுக்கெனத் தாமே வழங்கிக்கொண்ட உள் சான்றிதழ்கள் இங்கே அடிபட்டுப்போகும். ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் சேர்த்த மூலச் சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. நிறுவனத்துக்கென எழுதப்பட்ட செயலியாக இருந்தால், அதை நம்பும்படி செயலியின் அமைப்பிலேயே குறிப்பிடுமாறு உருவாக்குபவரிடம் கேட்க வேண்டும்.

பகிரப்பட்ட கோப்புறைகளை ஐபேடின் ஃபைல்ஸ் செயலியில் எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாகவே திறக்கலாம். அச்சுப்பொறிதான் அதிகம் சோதிக்கும். ஆப்பிளின் அச்சு வசதியான ஏர்பிரிண்ட் தன் அச்சுப்பொறிகளைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் எம்டிஎன்எஸ் என்ற உள்வலையமைப்பு அறிவிப்பு ஒரு வி-லேனைத் தாண்டி அடுத்ததற்குச் செல்லாது; நாம் நான்காம் படியில் டேப்லெட்டுகளைப் பிரித்துவைத்ததால், அச்சுப்பொறி பட்டியலில் தோன்றாது. வயர்லெஸ் கட்டுப்படுத்தியில், அந்த அறிவிப்பை அடுத்த பிரிவுக்குக் கடத்தும் எம்டிஎன்எஸ் நுழைவாயிலை இயக்கலாம். அதைவிட எளிதான வழி, நிர்வாகச் சர்வரிலிருந்து அச்சுப்பொறியின் ஐபி முகவரியையும் பாதையையும் சுயவிவரமாக அனுப்பி, ஃபயர்வாலில் 631 போர்ட்டைத் திறந்துவிடுவதாகும்.

ஏழாம் படி: மின்னஞ்சல், செயலிகள், தரவின் எல்லை

மின்னஞ்சலுக்கு வெறும் கடவுச்சொல்லோடு இணையும் பழைய முறையை மறந்துவிட வேண்டும். மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் அதை 2022 அக்டோபரிலிருந்து நிறுத்தத் தொடங்கியது. இரண்டடுக்கு அங்கீகாரத்தோடு, நிர்வாகத்தில் பதிவாகிக் கொள்கைக்கு உட்பட்ட கருவிக்கு மட்டுமே அஞ்சல் திறக்கும் என்ற நிபந்தனை அணுகலையும் சேர்க்க வேண்டும்.

செயலிகளை நிறுவன உரிமத்தில் வாங்கி, நிர்வாகச் சர்வர் வழியாகவே இறக்க வேண்டும். ஊழியரின் சொந்தக் கணக்கில் வாங்கிய செயலி அவர் விலகும்போது அவரோடு போய்விடும். நிர்வகிக்கப்படும் செயலியில் திறந்த ஆவணத்தை நிர்வகிக்கப்படாத செயலியில் திறக்கவோ நகலெடுத்து ஒட்டவோ முடியாதபடி தடுப்பது அவசியம். இந்தத் தடையை இறுக்கமாகப் போடும் முன், விற்பனைப் பிரிவினர் வாடிக்கையாளருக்கு ஆவணம் அனுப்பப் பயன்படுத்தும் செயலி எது என்று கேட்டு, அதையும் நிர்வாகத்துக்குள் கொண்டுவர வேண்டும். இல்லையேல் அவர்கள் திரையைக் கைபேசியால் படம் பிடித்து அனுப்பத் தொடங்குவார்கள்.

கடவு எண் ஆறு இலக்கமாவது இருக்க வேண்டும். ஐபேடில் தரவுப் பாதுகாப்பு முழுமையாகச் செயல்படுவதே கடவு எண் வைத்த பிறகுதான்.

எட்டாம் படி: சோதனைக் குழுவும் புதுப்பிப்புகளும்

எல்லோருக்கும் வழங்கும் முன், வெவ்வேறு பிரிவுகளைச் சேர்ந்த ஐந்தாறு பேரிடம் கொடுத்து, ஒரு மாதமாவது உண்மையான வேலையைச் செய்யச் சொல்ல வேண்டும். தொழில்நுட்பப் பிரிவினரை மட்டும் வைத்துச் சோதித்தால் பயனில்லை. குறைகளைத் தாங்களே சரிசெய்துகொண்டு புகார் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

இயங்குதளப் புதுப்பிப்புகளைக் கண்காணிக்கப்படும் ஐபேடுகளில் 90 நாட்கள் வரையும், முழு நிர்வாகத்தில் உள்ள ஆண்ட்ராய்டுகளில் 30 நாட்கள் வரையும் ஒத்திவைக்கலாம். இந்த அவகாசம் முக்கியச் செயலிகளைச் சோதிப்பதற்கே. பாதுகாப்புத் திருத்தங்களை அந்த எல்லை வரை இழுத்தடிப்பது சரியாகாது.

ஒன்பதாம் படி: தொலைதலும் விடுவித்தலும்

டேப்லெட் தொலைந்ததாகத் தகவல் வந்தவுடன், முதலில் வைஃபை மற்றும் விபிஎன் சான்றிதழ்களை ரத்து செய்து, அந்தக் கணக்கின் அமர்வுகளை முடிக்க வேண்டும். இவை நம் சர்வரிலேயே நடப்பதால் கருவியின் தயவு தேவையில்லை. தொலைந்த நிலைப் பூட்டும் தொலைநிலை அழிப்பும் அதற்கு அடுத்தே. அந்தக் கட்டளைகள், கருவி இணையத்தைத் தொட்டால்தான் போய்ச் சேரும். இதில் பலரும் அறியாத ஒரு நுட்பம் உண்டு: ஐபேட் அணைத்து மறுபடி இயக்கப்பட்டால், ஒருமுறை கடவு எண் கொடுத்துத் திறக்கும் வரை, சேமித்துவைத்த வைஃபை விவரங்கள் மறையாக்கத்துக்குள்ளேயே இருக்கும். வைஃபை மட்டும் உள்ள மாடல் அந்த நிலையில் நம் அலுவலகத்துக்குள்ளேயே கிடந்தாலும் அழிப்புக் கட்டளையைப் பெறாது. வெளியே அதிகம் செல்லும் ஊழியர்களுக்கு சிம் உள்ள மாடலை வாங்குவதற்கு இது வலுவான காரணம்.

ஊழியர் விலகும்போது, சொந்தக் கருவியாக இருந்தால் நிறுவனப் பகுதியை மட்டும் நீக்க வேண்டும். அவருடைய படங்களையும் சேர்த்து அழிப்பது தேவையற்ற வழக்கில் கொண்டுபோய் விடலாம். நிறுவனக் கருவியாக இருந்தால், அவர் சொந்த ஆப்பிள் கணக்கிலோ கூகுள் கணக்கிலோ நுழைந்திருக்கிறாரா என்று, அவர் எதிரில் இருக்கும்போதே பார்த்து வெளியேறச் சொல்ல வேண்டும். அவர் சென்றபின் அழித்தால் செயல்படுத்தல் பூட்டு அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். கண்காணிக்கப்படும் ஐபேடுகளில் நிர்வாகச் சர்வர் சேமித்துவைத்திருக்கும் மாற்றுக் குறியீட்டைக் கொண்டு அதைத் தாண்டலாம். அந்தக் குறியீட்டை, கருவியின் பதிவைச் சர்வரிலிருந்து நீக்குவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும்.

பழைய டேப்லெட்டுகளை விற்கும்போதோ கொடுத்துவிடும்போதோ, தரவை அழித்தபின் ஆப்பிள் பிசினஸ் மேனேஜரிலிருந்தோ ஆண்ட்ராய்டின் சீரோ-டச் என்ற தானியங்கிப் பதிவுத் தளத்திலிருந்தோ அதன் வரிசை எண்ணை விடுவிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால், புதிய உரிமையாளர் பெட்டியைத் திறந்து இயக்கும் முதல் நிமிடத்திலேயே கருவி உங்கள் நிறுவனத்தின் பதிவுப் பக்கத்தைக் காட்டும்.